பந்தைப் பிடிக்க முயன்ற கை

நண்பர் ஒருவரும் நானும் சேர்ந்து, உலாவியிலேயே திறந்து வரையக்கூடிய சிறிய அனிமேஷன் கருவி ஒன்றை இரண்டு ஆண்டுகளாக உருவாக்கிக்கொண்டிருந்தோம். அதை வெளியாள் ஒருவர் பயன்படுத்துவதை முதன்முறையாகப் பக்கத்தில் அமர்ந்து பார்த்தபோது, நான் எதிர்பார்த்திருந்த கேள்விகளில் ஒன்றுகூட வரவில்லை. வந்தவர் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை. முகப்புப் பக்கத்தின் மேற்பகுதியில், பந்து ஒன்று தரையில் விழுந்து நசுங்கி மீண்டும் எழும்பும் காட்சியைக் கருவியின் திரையோடு சேர்த்துப் பதிவுசெய்து, வீடியோவாக ஓடவிட்டிருந்தோம். அவர் சுட்டியை அந்தப் பந்தின் மேல் கொண்டுபோய் வைத்து, அழுத்தி, பக்கவாட்டில் இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது முறை, பந்து உச்சிக்கு வந்து ஒரு நொடி தயங்கும் நேரம் வரை காத்திருந்து அழுத்தினார். அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை. "தம்பி, இந்தப் பந்தை எப்படிப் பிடிக்கிறது?" என்று கேட்டார்.

"அது வெறும் வீடியோ டீச்சர், கீழே ஒரு பட்டன் இருக்கு, அதை அழுத்துங்க" என்று நான் அவசரமாகச் சொல்லிவிட்டேன். அவரும் அழுத்தினார், மின்னஞ்சல் முகவரி கேட்கும் பக்கம் வந்தது, அங்கே சற்று நேரம் நின்றார், அதைக் கடந்த பிறகுதான் வரைதிரை வந்தது. அன்று வெகுநேரம் வரைந்தார், நல்ல யோசனைகள் பலவும் சொன்னார். ஆனாலும் என் மனத்தில் தங்கியவை தொடக்கத்தில் அவர் செய்த அந்த இரண்டு அழுத்தல்கள்தாம். அசையும் ஒன்றைக் கண்டதும் அதைத் தானும் அசைத்துப் பார்க்க வேண்டும் என்று அவருடைய கைக்குத் தோன்றியிருக்கிறது. அனிமேஷன் கருவியைத் திறக்கும் ஒருவரிடமிருந்து இதைவிட நல்ல எதிர்வினை வரவே முடியாது. அந்த எதிர்வினை வந்த கணத்தில் நாங்கள் அந்தக் கையைத் தடுத்து நிறுத்தியிருந்தோம்.

அதன்பிறகு இத்தகைய கருவிகளைப் பற்றிப் பயனர்கள் சொல்வதையெல்லாம் கவனித்துக் குறித்துவைக்கத் தொடங்கினேன். எங்கள் கருவிக்கு வந்த கடிதங்கள், மற்றவர்களின் கருவிகளைப் பயன்படுத்துவோர் சொன்னவை, அருகிலிருந்து நான் பார்த்தவை எல்லாம் அவற்றில் உண்டு. அவற்றை வைத்துக்கொண்டு நான் வந்து சேர்ந்திருக்கும் கருத்து இது: உலாவியில் இயங்கும் வரைகருவிக்கு, கருவிக்கு முன்னால் நிற்கும் தனி முகப்புப் பக்கம் தேவையில்லை, வருபவர் காணும் முதல் திரையே வரைதாளாக இருக்க வேண்டும். நிறுவனக் கணக்குவழக்கு மென்பொருளை ஒரு நிமிடத்தில் முயன்றுபார்த்துவிட முடியாது. அதற்கு விளக்கப் பக்கம் வேண்டும். கோடு இழுப்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை. தரவிறக்கம் இல்லை, நிறுவுதல் இல்லை, முகவரியைத் தட்டினால் வரையலாம் என்பதுதான் உலாவிக் கருவியின் ஆகப்பெரிய வசதி. அந்த வசதியைப் பற்றி ஆறு பத்திகளில் எழுதி, அவற்றுக்குக் கீழே அந்த வசதியையே ஒளித்துவைப்பது எனக்கு விளங்கவில்லை.

கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் கிட்டே லிண்ட்கார்டும் அவருடைய குழுவினரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு வலை வடிவமைப்பாளர்களிடையே மிகவும் பேசப்பட்டது. ஒரு வலைப்பக்கத்தை 50 மில்லிநொடி மட்டுமே காட்டினாலும், அது பார்க்க நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதில் மக்கள் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள் என்பதும், அதிக நேரம் பார்த்தவர்களின் முடிவோடு அது பெரும்பாலும் ஒத்துப்போகிறது என்பதும் அதன் சாரம். முகப்புப் பக்கங்கள் மேலும் மேலும் பளபளப்பாகிக்கொண்டே போவதற்கு இந்த ஆய்வைப் பலர் நியாயமாகச் சொல்கிறார்கள். ஆனால் அது அளந்தது தோற்றத்தைப் பற்றிய தீர்ப்பை மட்டும். வரைகருவியைத் தேடி வந்தவர் கேட்கும் கேள்வி வேறு. நான் இழுத்த இடத்தில், நான் இழுத்தபோதே, கோடு விழுகிறதா என்று அவர் அறிய விரும்புகிறார். அதற்கு அவர் ஒரு கோடாவது இழுத்தாக வேண்டும்.

அனிமேஷன் கருவிகளின் முகப்புப் பக்கங்களுக்கு வரும் எதிர்வினைகளில் எனக்கு முதலில் வியப்பளித்தது, அசைவைப் பற்றிய முறைப்பாடுகள் அவ்வளவு இருப்பது. அசைவை நேசித்து வருகிறவர்களே அப்பக்கங்களில் அசைவு அதிகம் என்கிறார்கள். சக்கரத்தை உருட்டினால் பக்கம் நகராமல் ஒரு காட்சி ஓடத் தொடங்குகிறது. எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பறந்து வருகின்றன. பின்னணி ஒரு வேகத்திலும் முன்னணி வேறொரு வேகத்திலும் நழுவுகின்றன. உள்காதின் சமநிலை உறுப்பு பாதிக்கப்பட்டவர்களுக்கு இது ரசனைக் குறைபாடு என்ற அளவில் முடிவதில்லை. தலைசுற்றலும் குமட்டலும் உண்மையிலேயே வருகின்றன. 2013இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐஓஎஸ் 7 வெளிவந்தபோது, திரைகள் பெரிதாகிப் பாய்ந்துவரும் அசைவுகளால் உடல்நலம் கெடுவதாகப் பயனர்கள் எழுதினார்கள். அதன்பின் அசைவைக் குறைக்கும் அமைப்பு விரிவாக்கப்பட்டது. இன்று அந்த விருப்பத்தை உலாவி வழியாக ஒவ்வொரு வலைத்தளமும் அறிந்துகொள்ள முடியும். பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் சில வரிகள் போதும். தானாகத் தொடங்கி 5 நொடிக்கு மேல் பிற உள்ளடக்கத்தோடு சேர்ந்து ஓடும் எந்த அசைவையும் நிறுத்துவதற்கு வழி இருக்க வேண்டும் என்பது 2008ஆம் ஆண்டின் வலை அணுகல்தன்மை நெறிமுறைகளிலேயே இருக்கிறது. எங்கள் பந்து நிறுத்த வழியின்றித் துள்ளிக்கொண்டே இருந்தது என்பதை ஒரு பயனர் எழுதிய பிறகுதான் நாங்கள் உணர்ந்தோம்.

முகப்புப் பக்கம் திக்கித் திணறினால் அதன் பழி கருவியின் மேல் விழுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒவ்வொரு பிரேமுக்கும், அதாவது ஒவ்வொரு தனிப் படத்துக்கும், கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிநொடி, அதற்குள் வேலை முடியாவிட்டால் அசைவு தடுக்கும். பெரிய வீடியோவையும் நான்கைந்து விளம்பர அளவீட்டு நிரல்களையும் ஒன்றாக ஏற்றும் பக்கம், பழைய மடிக்கணினியில் இந்த எல்லையைத் தொடர்ந்து தாண்டுகிறது. உள்ளே இருக்கும் கருவி எவ்வளவு இலேசாக எழுதப்பட்டிருந்தாலும் பயனருக்கு அது தெரிய வாய்ப்பில்லை. 'பக்கத்தையே ஓட்ட முடியவில்லை, இதில் நான் எப்படி வரைவது' என்று அவர் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

ஏர்பிஎன்பி நிறுவனம் 2017இல் வெளியிட்ட நிரல்தொகுப்பால் பரவிய லாட்டி என்னும் அனிமேஷன் கோப்பு வடிவம் இந்தச் சுமையைப் பெருமளவு குறைத்தது. படத்தை முழுவதும் சுமக்காமல், வடிவங்களையும் அவை நகரும் விதத்தையும் மட்டும் எழுத்தாகக் கொண்டுவருவதால் கோப்பு சிறிதாகிறது. 1926இல் கறுப்புத் தாளைக் கத்தரித்து, அந்த உருவங்களை ஒளிக்கு மேல் பிரேம் பிரேமாக நகர்த்தி முழுநீளப் படம் எடுத்த ஜெர்மானியக் கலைஞர் லோட்டே ரைனிகரின் பெயரைத்தான் அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். கையால் நகர்த்தியவரின் பெயரைத் தாங்கிய வடிவத்தை, யாரும் தொட முடியாத அலங்காரமாக மட்டுமே பெரும்பாலான முகப்புப் பக்கங்களில் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கணக்குத் தொடங்கச் சொல்வதைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. கோடு இழுக்கும் முன் மின்னஞ்சல் கேட்பது தவறு. வரைந்ததை வேறொரு கணினியில் திறக்க விரும்பும்போது கேட்டால் யாரும் கோபப்படுவதில்லை.

அதைவிட ஆழமான ஒரு தயக்கம் பயனர்களிடம் இருக்கிறது. இது நாளைக்கும் இருக்குமா என்ற கேள்வி அது. அந்தக் கேள்வியைக் கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. 1996இல் ஃபியூச்சர்ஸ்பிளாஷ் என்ற பெயரில் பிறந்து, மேக்ரோமீடியாவிடம் போய் ஃபிளாஷ் ஆகி, 2005இல் அந்த நிறுவனத்தை அடோபி வாங்கியபோது அதனோடு கைமாறிய தொழில்நுட்பத்தில் ஒரு தலைமுறையே அனிமேஷன் கற்றது. 2020 டிசம்பர் 31 அன்று அதற்கான ஆதரவு முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல், அந்தக் கோப்புகளை உலாவிகளில் ஓட்டிவந்த ஃபிளாஷ் பிளேயர் தானே தன் கோப்புகளை ஓட்ட மறுத்தது. ரஃபிள் என்னும் தன்னார்வலர் திட்டம் அவற்றில் பலவற்றை, உலாவிக்குள் நிரல்களை வேகமாக இயக்கும் வெப் அசெம்பிளி வழியாக, உலாவிகளில் மீண்டும் உயிர்ப்பித்துக்கொண்டிருக்கிறது; இணைய ஆவணக் காப்பகமும் அதைப் பயன்படுத்துகிறது. ஆனாலும் தன் இளமைக்கால வேலையைத் திறக்க முடியாமல் போன ஒருவர், புதிய கருவியின் முகப்புப் பக்கத்தில் 'எல்லாம் உலாவியிலேயே' என்ற வரியைப் படிக்கும்போது மகிழ்வதற்கு முன் தயங்குகிறார். அந்த வரியை எழுதியவர்கள் அதை வாக்குறுதி என்று நினைத்து எழுதுகிறார்கள். படிப்பவருக்கு அது எச்சரிக்கையாகக் கேட்கிறது.

எனக்கும் இந்த இழப்பு நேர்ந்திருக்கிறது. எங்கள் கருவியைத் தொடங்குவதற்கு முன், வேறொரு உலாவிக் கருவியில் ஒரு முதியவர் நடந்துவரும் நடையை 36 படங்களாக வரைந்துவைத்திருந்தேன். இடது தோள் சற்றுச் சரிந்து, அடுத்த அடியில் நிமிரும் அந்த அசைவுக்காக மட்டும் பல இரவுகள் உழைத்தேன். வேறு ஏதோ ஒரு தளம் சரியாகத் திறக்கவில்லை என்பதற்காக ஒரு நாள் உலாவியின் சேமிப்பைத் துடைத்தேன். அடுத்து அந்தக் கருவியைத் திறந்தபோது வெள்ளைத் தாள் வந்தது. வரைந்தவை அனைத்தும் உலாவிக்குள் மட்டுமே இருந்தன என்று அந்தக் கருவி எங்கேயும் சொல்லவில்லை; 'தானாகச் சேமிக்கப்பட்டது' என்று மட்டும் மூலையில் ஒரு வரி வந்துகொண்டிருந்தது. அந்த வரி பொய்யல்ல, ஆனால் எங்கே சேமிக்கப்பட்டது என்பதைச் சொல்லாமல் விட்டது. பயனரே துடைக்காவிட்டாலும் அழியும் வாய்ப்பு உண்டு. தளத்தோடு பயனர் எந்தத் தொடர்பும் கொள்ளாமல், உலாவியைப் பயன்படுத்திய நாட்கள் 7 கடந்தால், அந்தத் தளத்தின் நிரல் எழுதிவைத்த சேமிப்பை நீக்கிவிடும் விதியை ஆப்பிளின் உலாவியான சஃபாரி 2020இல் கொண்டுவந்தது. பயனர்களைப் பின்தொடரும் விளம்பர நிறுவனங்களைத் தடுப்பதே அதன் நோக்கம், நல்ல நோக்கம்தான். விடுமுறைக்குப் பிறகு திரும்பிவந்து தன் படங்களைத் தேடும் ஒருவருக்கு அந்த விளக்கம் போதாது. கருவி செய்பவர்கள்தான் அவரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

பயனர்கள் எழுதும் வாக்கியங்களில் மிகக் குறுகியதும் மிக அடிக்கடி வருவதும் 'மெதுவாக இருக்கிறது' என்பதே. தொடக்கத்தில் இதை ஒரே முறைப்பாடு என்று எண்ணி, நிரலை வேகப்படுத்துவதிலேயே மாதங்களைச் செலவிட்டோம். பிறகு ஒவ்வொருவரிடமும், அப்போது கை என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்கத் தொடங்கினோம்; ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு நோய்கள் இருந்தன. ஒருவர் வேகமாக வட்டம் வரைந்தால் அது பலகோணமாக வந்தது. உலாவி, பேனாவின் நகர்வுகளைப் பெரும்பாலும் ஒரு பிரேமுக்கு ஒருமுறை தொகுத்துக் கொடுப்பதால் இடைப்பட்ட புள்ளிகள் எங்கள் நிரலுக்குத் தெரியாமல் போயின. அந்தப் புள்ளிகளைக் கேட்டு வாங்கும் வழி உலாவியிலேயே இருக்கிறது, நாங்கள்தான் கேட்கவில்லை. இன்னொருவருக்கு 30 படங்களுக்கு மேல் போனால் ஓட்டிப்பார்க்கும் வேகம் குறைந்தது. முன்பின் படங்களை மங்கலாகக் காட்டும் வெங்காயத்தோல் வசதியை ஓட்டத்தின்போதும் அணைக்காமல் விட்டிருந்தோம்.

மூன்றாமவரின் சிக்கல் எங்களை நெடுநாள் அலைக்கழித்தது. வீடியோவாக ஏற்றுமதி செய்யும்போது பாதியில் நின்றுவிடுகிறது என்றார். எங்கள் கணினிகளில் ஒருபோதும் நிற்கவில்லை. கடைசியில் அவர் செய்வதைத் திரைப்பகிர்வில் பார்த்தபோது விடை தெரிந்தது. ஏற்றுமதி பட்டனை அழுத்தியதும் அவர் வேறு டேபுக்குப் போய் மின்னஞ்சல் படித்தார். நாங்கள் ஒவ்வொரு பிரேமையும் திரைப் புதுப்பிப்போடு இணைத்து வரைந்துகொண்டிருந்தோம். பார்வையில் இல்லாத டேபுக்கு உலாவி அந்தப் புதுப்பிப்பையே நிறுத்திவிடுகிறது. எங்களுக்கு நிற்காததற்குக் காரணம், அது வேலை செய்கிறதா என்ற கவலையில் நாங்கள் திரையையே பார்த்துக்கொண்டிருந்ததுதான். கருவியை நம்பியவர் வேறு வேலைக்குப் போனார், நம்பியதற்காக அவருடைய வேலை நின்றது. அந்தப் பகுதியைப் பின்னணியில் இயங்கும் தனி நிரலுக்கு மாற்றிய பிறகு 'மெதுவாக இருக்கிறது' என்ற கடிதங்களில் ஒரு பங்கு குறைந்தது.

வரைந்ததைச் சிறு அசையும் படமாக இறக்கித் தரும் ஜிஃப் கோப்பைப் பற்றி வந்த ஒரு கடிதத்தையும் மறக்க முடியாது. 'கருவியில் பார்த்ததைவிட ஜிஃப்பில் நடை கொஞ்சம் அவசரமாக இருக்கிறது' என்று ஒருவர் எழுதியிருந்தார். முதலில் மனப்பிரமை என்றே நினைத்தோம். கணக்கிட்டால் அவர் சொன்னதே சரி. ஜிஃப்பில் ஒவ்வொரு படமும் நிற்கும் நேரத்தை நொடியில் நூறில் ஒரு பங்கு என்ற அலகில், முழு எண்ணாகத்தான் எழுத முடியும். நொடிக்கு 12 படம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 8.33 அலகு வேண்டும். எங்கள் நிரல் அதை 8 ஆக்கியது. 48 படங்கள் கொண்ட 4 நொடி நடை 3.84 நொடியில் முடிந்துபோனது. எட்டு, எட்டு, ஒன்பது என்று மாற்றி மாற்றி எழுதினால் மூன்று படங்களுக்குச் சரியாகக் கால் நொடி கிடைக்கிறது, நடையும் தன் வேகத்துக்குத் திரும்புகிறது. 0.16 நொடி வேறுபாட்டைக் கண்ணால் உணர்ந்து எழுதிய அந்தப் பயனரின் மேல் எனக்கு இன்றும் பெரும் மரியாதை உண்டு. நடையை வரைந்தவருக்கு அதன் எடை தெரியும்.

எழுத்துகளை அசைக்கும் வசதியில் தமிழ் படும் பாடு தனி. எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்றும் தட்டச்சு விளைவு என்று முகப்புப் பக்கங்களில் பெருமையாகக் காட்டப்படும் வசதியில் 'கொடி' என்று எழுதிப் பாருங்கள். முதலில் 'க' வரும். அடுத்த நொடி அதன் முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு காலும் முளைத்து 'கொ' ஆகும். ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகப் பறக்கவிடும் வசதியில் நிலைமை இன்னும் மோசம். உயிர்க்குறி தனியே பிரிந்து, புள்ளியிட்ட வட்டம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு திரையைக் கடக்கும். கணினிகள் எழுத்துகளைக் குறிக்கப் பயன்படுத்தும் பொதுத் தரமான யூனிகோடில் மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடுகள். குறியீடு ஒவ்வொன்றையும் ஓர் எழுத்து என்று எண்ணி நிரல் வெட்டுவதால் வரும் வினை இது. வாசகர் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவதை ஓர் அலகாகவே பிரித்துத் தரும் வசதி குரோமில் 2020இலும், சஃபாரியில் 2021இலும், ஃபயர்ஃபாக்ஸில் 2024இலும் வந்துவிட்டது. இனியும் ஒரு கருவி தமிழையும் இந்தியையும் உடைத்துக் காட்டினால், அதை உருவாக்கியவர்கள் அந்த மொழிகளில் ஒரு சொல்லைக்கூட இட்டுப் பார்க்கவில்லை என்று பொருள். இதைப் பற்றி எழுதும் பயனர்கள் கோபமாக எழுதுவதில்லை. 'எங்கள் மொழி சரியாக வரவில்லை' என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டுப் போகிறார்கள். அந்த அமைதியில் பழகிப்போன ஏமாற்றம் இருக்கிறது. அதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

பாராட்டுகளும் வரும். 'பக்கம் அருமை', 'வடிவமைப்பு அழகு' என்ற சொற்களைப் பார்த்து முதல் மாதங்களில் மிகவும் மகிழ்ந்தோம். பிறகு, அப்படி எழுதியவர்களில் எங்களுக்குத் தெரிந்தவர்களைக் கேட்டபோது, பலர் ஒரு படம்கூட வரைந்திருக்கவில்லை. நன்றாக வரைந்தவர்கள் எழுதியவை பெரும்பாலும் குறைகள்: அழிப்பானின் அளவு நினைவில் நிற்பதில்லை, இரண்டு படங்களுக்கு நடுவே புதிய படத்தைச் செருகினால் ஒலி நகர்ந்துவிடுகிறது, டேபை மூடும் குறுக்குவிசையில் கை தவறிப் பட்டால் எல்லாம் போய்விடுகிறது. கருவிக்குள் வாழ்ந்து பார்த்தவரால் மட்டுமே இப்படி எழுத முடியும். இத்தகைய கடிதம் ஒன்று வந்த நாளை நல்ல நாள் என்றே கணக்கில் வைக்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் முகப்புப் பக்கத்தை அடியோடு எடுத்துவிட்டோம். இப்போது எங்கள் முகவரியைத் திறந்தால் வெள்ளைத் தாள் வருகிறது. அதில் மூன்று படங்களில் ஒரு பந்து: மேலே, நடுவில், தரையில் நசுங்கி. அவை உண்மையான வரைபடங்கள். பிடித்து இழுக்கலாம், அழிக்கலாம், நான்காவது படத்தைச் சேர்க்கலாம். யாரும் கேட்காமல் எதுவும் ஓடுவதில்லை. ஓட்டும் பட்டன் தாளுக்குக் கீழே இருக்கிறது. விலை, உதவி, நாங்கள் யார் என்பவையெல்லாம் ஓரத்தில் ஒரு சிறிய பட்டியலுக்குள் போய்விட்டன. கைபேசியில் விரலே கோட்டை மறைத்துவிடும் சிக்கலை இன்னும் தீர்க்கவில்லை.

அந்த ஆசிரியையை மறுபடியும் அழைத்தேன். இம்முறை நான் ஒன்றும் பேசுவதில்லை என்று முடிவுசெய்துகொண்டு பின்னால் நின்றேன். அவர் பந்தைப் பிடித்தார், அது வந்தது. அதைச் சுவரோரமாக நகர்த்திவிட்டு, அடுத்த படத்தில் அது சுவரில் மோதி நசுங்குவதை வரைந்தார், இன்னும் ஏழு படங்கள் சேர்த்தார், ஓட்டிப் பார்த்தார், ஒரு படத்தை மட்டும் அழித்துவிட்டு மறுபடி ஓட்டினார். பிறகு தாளின் கீழே நாங்கள் எழுதியிருந்த வரியைப் படித்தார்: 'நீங்கள் வரைந்தவை இந்த உலாவியில் மட்டுமே உள்ளன, கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.'

"இதைப் படிச்சா பயமா இருக்கே தம்பி" என்றார். வேறு சிலரும் அதையே எழுதியிருக்கிறார்கள். மென்மையாக்கலாமா என்று நண்பரும் கேட்கிறார். நான் இன்னும் அந்த வரியை மாற்றவில்லை. ஆசிரியை கோப்பை இறக்கி, பெயர் வைத்து, தன் பென்டிரைவில் போட்டுக்கொண்டுதான் எழுந்தார்.